உபகாரச் சம்பளம்: காலத்தே மனுச் செய்க

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையைக் கல்லூரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது? வடக்கே தனுவச்சபுரமும் திருவனந்தபுரமும். தெற்கே மார்த்தாண்டமும் நாகர்கோவிலும். இதற்கு விடை காண்பதற்குள் ஜூன் பிறந்துவிடுகிறது. உபகாரச் சம்பளத்துக்கு வேண்டிய சான்றிதழ்களும் மனுக்களும் கடைசித் தேதிகளும் பின்னுக்குப் போய்விடுகின்றன. நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளே இதனால் நஷ்டமடைகிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

முதலில் மத்திய சர்க்காரின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான இத்திட்டம் 2008இல் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 புதிய உபகாரச் சம்பளங்கள். அவற்றில் பாதி மாணவியருக்கு. 12ஆம் வகுப்பில் தமது போர்டில், தமது பாடப் பிரிவில் தேறியவர்களுள் முதல் 20 சதவிகிதத்தினருக்குள் வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ. 4,50,000க்கு மேற்படக் கூடாது. தேர்வு பெறுவோருக்குப் பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ. 12,000 கிடைக்கிறது. விஞ்ஞானம், வணிகவியல், கலைப் பாடங்கள் என 3:2:1 விகிதத்தில் இடங்கள் பங்கிடப்படுவதால், கலைப் பாட மாணவர் விஞ்ஞான மாணவரோடு போட்டியிட வேண்டிய நிலை இல்லை.

இங்கே பெற்றோர் ஒரு விஷயத்தைத் தெளிவாக உணர வேண்டும். ரயில் முன்பதிவைப் போல முந்தி வந்தவருக்கே இடம் என்பது இதில் கிடையாது. முந்தி மனுச் செய்வதால் மதிப்பெண் கூடிவிடாது. ஆனால் பிந்திவிட்டால் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண்ணும் பயன்படாது. தகுதிப் பட்டியல் மனுச் செய்தவர்களைக் கொண்டுதான் தயாரிக்கப்படுகிறது. மனுச் செய்யாதவரின் மதிப்பெண்ணை யாரும் தேடி எடுத்துப் பார்ப்பதில்லை. அதுமட்டுமல்ல. பிளஸ் டூ தேறிய அதே ஆண்டில், கல்லூரியின் முதலாண்டில்தான் புதிதாக மனுச் செய்யலாம். அந்த ஒரு முறை தவறினால் மூன்று ஆண்டுகளுக்கான ரூ. 36,000மும் போயிற்று. பாலராமபுரத்தில் தறியில் உட்காருபவருக்கும், பொழியூரில் கடலுக்குப் போகிறவருக்கும், ரப்பர் தோட்டத்தில் பால் எடுப்பவருக்கும் இது அற்பத் தொகை அல்ல. ஒரு பெண் பிள்ளையின் படிப்பு பட்டம் வரை போவதா, பிளஸ் டூவோடு நிற்பதா என்பதையே இத்தொகை முடிவு செய்துவிடக்கூடும்.

தேசிய உபகாரச் சம்பள இணையதளத்தில் மனுவைப் பதிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. சேர்ந்த கல்லூரி அம்மனுவைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. கடைசி நாளில் பதிவு செய்யும் மாணவர், ஒரு சான்றிதழில் பிழை என்று மனு திரும்பி வந்தால் திருத்துவதற்கு அவகாசமின்றி நிற்க நேரிடும். தேதியை நீட்டுவார்கள் என்று நம்பியிருப்பது புத்திசாலித்தனமல்ல.

அமெரிக்காவில் பல கல்லூரிகள் நவம்பர் அல்லது டிசம்பருக்குள் மனுச் செய்தவர்களையே தகுதி உபகாரச் சம்பளத்துக்குப் பரிசீலிக்கின்றன. அங்குள்ள பெற்றோர் பள்ளி இறுதியாண்டு தொடங்கும்போதே தேதிகளைக் குறித்துவைத்துக் கொள்கிறார்கள். நம் நாட்டு முறை வேறு. எனினும் அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டியதே.

எல்லைப்புற மாணவருக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 1937இல் தோன்றிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் காலத்தில் பாறசாலை மாணவர் நாகர்கோவிலுக்குப் போனாலும் திருவனந்தபுரத்துக்குப் போனாலும் ஒரே சர்க்கார்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கியது. கல்லூரிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் சட்டதிட்டங்கள் இரண்டாகிவிட்டன.

விளைவைப் பாருங்கள். கேரள உயர் கல்விக் கவுன்சில் 2009-10இல் தொடங்கிய உபகாரச் சம்பளம் கேரளக் கல்லூரிகளில் படிப்போருக்கானது. தமிழ்நாடு சர்க்கார் 2022இல் மாணவியருக்காகத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ. 1,000 வழங்குவதற்காக வகுக்கப்பட்டவை. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. பாறசாலையில் பள்ளிப் படிப்பை முடித்து மார்த்தாண்டத்தில் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. தமிழை விருப்பப் பாடமாக எடுக்கத் தெற்கே போகிறவர்களும் இதில் அகப்பட்டுக் கொள்கிறார்கள். இத்தகையவர்களுக்கு மத்திய சர்க்காரின் திட்டமே முக்கியத் துணை. அதையும் தவறவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

தேதிகளும் ஒத்துப்போவதில்லை. 2025இல் தமிழ்நாட்டின் பிளஸ் டூ முடிவுகள் மே 8ஆம் தேதி வந்தன. கேரள முடிவுகள் மே 22ஆம் தேதிதான் வந்தன. தமிழ்நாட்டு சர்க்கார் கலைக் கல்லூரிகளுக்கு மனுச் செய்ய மே 7 முதல் 27 வரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. கேரளத்தில் படித்த மாணவருக்கு மதிப்பெண் கையில் கிடைத்த பிறகு எஞ்சியவை ஐந்தே நாட்கள்! அதற்குள் கிராம அலுவலகத்துக்கும் அக்ஷயா மையத்துக்கும் அலைந்து சான்றிதழ் வாங்க முடியுமா?

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். எந்தப் பக்கக் கல்லூரி என்பதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே தீர்மானியுங்கள். இரு பக்கமும் கிடைக்கக்கூடிய உதவிகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்; பஸ் செலவையும் விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வேறு உபகாரச் சம்பளம் பெறுவோர் மத்திய உபகாரச் சம்பளத்தைப் பெற இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றுக்கு முன்னதாகவே மனுக் கொடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பிள்ளையின் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாய்வீடு அக்கரையில், தந்தைவீடு இக்கரையில் என்றிருக்கும் நம் குடும்பங்களில் முகவரியும் எழுத்தும் மாறியிருப்பது சகஜம். கிடைத்த உபகாரச் சம்பளம் தொடர 50 சதவிகித மதிப்பெண்ணும் 75 சதவிகித வருகையும் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழரும் கன்னடியரும் தங்கள் மொழியிலேயே சர்க்காருக்கு எழுதிப் பதில் பெற 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அதே நோக்கில், உபகாரச் சம்பள அறிவிப்புகளையும் தமிழில் வெளியிடுவது கல்லூரிக் கல்வித் துறைக்குப் பெரிய சுமையாகாது. பிளஸ் டூ வகுப்புள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஜனவரி மாதத்திலேயே பெற்றோரை அழைத்து விளக்க வேண்டும். கிராமந்தோறும் உள்ள கிரந்தசாலைகள் தேதிகளைப் பலகையில் எழுதி வைக்கலாம். படித்த இளைஞர்கள் மனுவைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். எல்லை தாண்டிப் படிக்கும் மாணவர் இரு மாநிலத் திட்டங்களுக்கும் வெளியே நிற்கும் நிலையை மாற்ற இரு சர்க்கார்களும் கலந்து பேச வேண்டும். நம் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் இதை எடுத்துப் பேசுவார்களா?

அதுவரை காத்திருக்க நம் பிள்ளைகளுக்கு நேரமில்லை. இவ்வாண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் சான்றிதழ்களை எடுத்து வைக்கும் வேலை இந்த வாரமே தொடங்கட்டும்.