குடிசைக்கு மூன்று கெடு. கணக்குக் கேட்பது யார்?

மங்கலம்பேட்டை சின்ன ஊர். விருத்தாசலத்தில் இருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சிகளில் ஒன்று.

பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பொம்மை, கோப்பை, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் அங்கே சூளையில் வெந்து வருகின்றன. பீங்கான் தொழிலைக் கற்றுக்கொடுக்க சர்க்கார் கல்விக்கூடமும் அங்கு உண்டு.

சூளை வைக்கிற தொழிலாளிக்கு ஒரு நாள் இருக்கிறது. அதுதான் சூளையைத் திறக்கும் நாள். எத்தனை உருப்படி தேறியது, எத்தனை வெடித்தது என்று அன்றைக்கே எண்ணிவிடுவார்கள். வெடித்தது அதிகமானால் முதலாளி கேட்பார். தொழிலாளி பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மந்திரிகளும் சூளை வைக்கிறார்கள். பத்தாண்டுத் திட்டம், பதினைந்தாண்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். ஆனால் அந்தச் சூளையைத் திறக்கும் நாளில், வைத்தவர் அங்கே இருப்பதில்லை!

முதல் கெடு: 2016

குடிசையையே எடுத்துக்கொள்ளலாம். மங்கலம்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கூரை வீட்டின் கஷ்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியது இல்லை. மழைக்கு ஒழுகும். வெயிலில் தீப்பிடிக்கும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கூரை மாற்ற வேண்டும். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது பெரிய செலவு.

2010-ம் ஆண்டு. முதல்-மந்திரியாக இருந்தவர் கருணாநிதி. கிராமங்களில் உள்ள குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். 21 லட்சம் என்று வந்தது. ஆறு ஆண்டுகளில் அத்தனையையும் கான்கிரீட் வீடுகள் ஆக்குவது என்று திட்டம் போட்டார்கள். வீட்டுக்கு 75 ஆயிரம் ரூபாய். "கலைஞர் வீடு வழங்கும் திட்டம்" என்று பெயர். ஆறு ஆண்டு என்றால் 2016-ல் முடியவேண்டும்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா முதல்-மந்திரி ஆனார். பழைய திட்டம் நின்றது. சூரிய ஒளி விளக்குடன் கூடிய பசுமை வீடு என்று வேறு திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள்.

வீடு பெரிதாயிற்று, பணமும் கூடிற்று, அது நல்லதுதான். ஆனால் 2016 என்ற கெடு என்ன ஆயிற்று? பழைய சர்க்கார், "நாங்கள் இருந்திருந்தால் முடித்திருப்போம்" என்று சொல்லலாம். புது சர்க்கார், "அது எங்கள் கெடு அல்ல" என்று சொல்லலாம். இரண்டு பேர் சொல்வதும் நியாயம் போலத்தான் இருக்கும். குடிசைக்காரருக்கு மட்டும் பதில் இல்லை.

இரண்டாவது கெடு: 2023

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. குடிசைகள் பறந்தன. அந்த ஆண்டு இந்தப் பக்கத்தில் கூரை வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டை இன்றும் சொல்லி அழுகிறவர்கள் உண்டு.

புயல் அடித்து மூன்று மாதம் ஆவதற்குள், 2012 மார்ச் மாதம், ஜெயலலிதா ஒரு பெரிய திட்டத்தை வெளியிட்டார். "தொலைநோக்குத் திட்டம் 2023" என்பது அதன் பெயர். 11 ஆண்டுகள். அடிப்படை வசதிகளுக்கு 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு. பொருளாதாரம் ஆண்டுக்கு 11 சதவீதம் வளரவேண்டும். 2023-க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு.

ஒரு ஆளின் சராசரி வருமானத்துக்கும் அதில் இலக்கு வைத்தார்கள். அன்றைக்குச் சுமார் 73 ஆயிரம் ரூபாயாக இருந்ததை நாலரை லட்சம் ஆக்குவது! 2022-23-ல் அது மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதுவும் இடையில் விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகு.

இதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. 2020-ல் கொரோனா வந்து உலகத்தையே முடக்கியது. அதற்கு எந்த முதல்-மந்திரி என்ன செய்வார்? தமிழ்நாடு வளரவில்லை என்பதும் பொய். ஆனால் இலக்கு எங்கே தவறியது, எந்த ஆண்டில் தவறியது, எதனால் தவறியது என்று ஒருவர் எழுந்து சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

சொல்ல யார் இருந்தார்கள்? ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். அந்த 11 ஆண்டுகளுக்குள் ஜெயலலிதா, ஓ.பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி, மு.க.ஸ்டாலின் என்று நான்கு பேர் முதல்-மந்திரி நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள். 2023 வந்தபோது, திட்டம் போட்ட கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருந்தது. ஆளும் கட்சிக்கு அது அடுத்தவர் வீட்டுச் சூளை.

மூன்றாவது கெடு: 2030

2024 பிப்ரவரி மாத பட்ஜெட்டில் மறுபடியும் குடிசை வந்தது. "கலைஞரின் கனவு இல்லம்" என்ற திட்டம். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு. 8 லட்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள்.

2010-ல் 21 லட்சம். 2024-ல் 8 லட்சம். குடிசைகள் குறைந்திருக்கின்றன, அதில் சந்தேகம் இல்லை. மத்திய சர்க்காரின் வீட்டுத் திட்டங்கள் உண்டு. வெளிநாடு போய் உழைத்து வீடு கட்டியவர்கள் உண்டு. வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. இதில் எந்தத் திட்டம் எத்தனை குடிசையை மாற்றியது? முதல் இரண்டு கெடுவும் தவறியதற்குக் காரணம் என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவது கெடு வைத்தால், அந்தக் கெடுவை நம்புவது எப்படி?

ஒரு நாளில் பதவி போனது

மந்திரிகள் பொறுப்பு ஏற்பதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் ரெயில் பாதையில் அரியலூர் இருக்கிறது. 1956 நவம்பர் 23-ந் தேதி விடிவதற்கு முன், மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதம் அடைந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. சுமார் 150 பேர் மாண்டார்கள்.

ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால்பகதூர் சாஸ்திரி. பாலத்தைக் கட்டியவர் அவர் அல்ல. ரெயிலை ஓட்டியவரும் அவர் அல்ல. ஆனாலும் ராஜினாமா செய்தார். பிரதமர் நேரு அதை ஏற்றுக்கொண்டார்.

விபத்துக்கு ஒரு தேதி உண்டு. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். ஊரே கேட்கும். ஆனால் 11 ஆண்டுத் திட்டம் தவறுவதற்கு ஒரு தேதி கிடையாது. ஏரி தூர்ந்துபோவது போல, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறும். எந்த நாளில் எந்த மந்திரி ராஜினாமா செய்வார்? ராஜினாமாகூட வேண்டாம், "இந்த ஆண்டு இவ்வளவு குறைந்துவிட்டது, காரணம் இது" என்று சொன்னால் போதும். அதுவே கிடைப்பது அபூர்வம்.

நெய்வேலி சொல்லும் பாடம்

நீண்டகாலத் திட்டம் என்றால் இப்படித்தான் ஆகும் என்று விதியா? அதுவும் இல்லை. பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது.

ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. பின்னால் அவரே நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே 20-ந் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பூமிக்கு அடியில் இருந்து தண்ணீர் பீறிட்டது. இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் வந்தது.

தொடங்கிவைத்தபோது பிரதமர் நேரு. மின்சாரம் வந்தபோதும் நேரு. அன்றைக்கு முதல்-மந்திரி காமராஜர், அப்போதும் காமராஜர். வாக்குக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள். தாமதம் ஆனால் அடுத்தவர் மேல் பழி போட வழி கிடையாது.

ஆனால் நெய்வேலியிலும் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை, நஷ்டஈடு என்ற கணக்கு அது. 2023 ஜூலை மாதம் வளையமாதேவியில், கதிர் வரும் நிலையில் நின்ற நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டினார்கள். மக்கள் கொதித்தார்கள். யாரைக் கேட்பது? நிறுவனம் மத்திய சர்க்காருடையது. நிலத்தை எடுத்துக்கொடுப்பது மாநில சர்க்கார் அதிகாரிகள். டெல்லி மந்திரியைக் கேட்டால் சென்னையைக் காட்டுவார். சென்னை மந்திரியைக் கேட்டால் டெல்லியைக் காட்டுவார்.

உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு

கேட்பதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சட்டசபையில் எம்.எல்.ஏ. ஒருவர் கேள்வி கேட்கிறார். "எங்கள் ஊருக்குப் பாலம் எப்போது?" மந்திரி எழுந்து, "பரிசீலனையில் இருக்கிறது", "கவனிக்கப்படும்" என்கிறார். மேஜையைத் தட்டுகிறார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த வார்த்தை காற்றோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

போகாது. போகக்கூடாது என்பதற்காகவே பாராளுமன்றத்தில் 1953-ம் ஆண்டு ஒரு குழு அமைத்தார்கள். சர்க்கார் உறுதிமொழிக் குழு என்பது அதன் பெயர். லோக்சபைக் குழுவில் 15 பேர். மந்திரியாக இருப்பவர் அதில் உறுப்பினர் ஆகமுடியாது. மந்திரிகள் சபையில் சொன்ன வார்த்தைகளில் எவை எல்லாம் வாக்குறுதி என்று பொறுக்கி எடுப்பார்கள். "பரிசீலிக்கிறேன்" என்பதுகூட வாக்குறுதிதான்! மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி, சபையில் அறிக்கை வைக்கவேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் தவணை கேட்கவேண்டும்.

தமிழ்நாடு சட்டசபையிலும் இதேபோல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் போய்ப் பார்க்கிறது. அது வருகிற தேதியைப் பத்திரிகையில் பார்த்தால் பொதுமக்கள் போய் நிற்கலாம், மனுக் கொடுக்கலாம்.

பண விஷயத்துக்கு வேறு காவல் இருக்கிறது. கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சபைக்கு வரும். அதைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். பாராளுமன்றத்தில் 1967-ல் இருந்து அந்தக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்காரருக்குப் போகிறது. 2005-ல் நிதி மந்திரியாக இருந்த சிவகங்கைச் சீமைக்காரர் ப.சிதம்பரம், "செலவு இவ்வளவு என்றால் போதாது, விளைவு என்ன என்றும் சொல்லவேண்டும்" என்ற முறையில் ஒரு பட்ஜெட் ஏட்டைக் கொண்டுவந்தார்.

இத்தனை இருந்தும் ஓட்டை எங்கே?

மூன்று மாத வாக்குறுதிக்குக் காவல் இருக்கிறது. ஒரு வருஷத்துச் செலவுக்குக் காவல் இருக்கிறது. 11 வருஷத் திட்டத்துக்கு மட்டும் காவல் இல்லை. ஐந்தாண்டுத் திட்டங்கள் இருந்த காலத்தில் பாதி வழியில் ஒரு மதிப்பீடு போடுவார்கள். பன்னிரண்டாவது திட்டம் 2017 மார்ச்சோடு முடிந்தது. திட்டக் கமிஷனுக்கு அதற்கு முன்பே மூடுவிழா நடந்துவிட்டது. 2015 ஜனவரி 1-ந் தேதி அந்த இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது.

சட்டசபையில் 110-வது விதி என்று இன்னொன்று. அதன்கீழ் மந்திரி ஒரு அறிக்கை படிக்கலாம். அதன்மேல் விவாதம் கிடையாது. பெரிய பெரிய திட்டங்கள் இந்த விதியில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அறிவிக்கும்போதே கேள்வி கேட்க முடியாத திட்டத்தை, ஆள் மாறிய பிறகு யார் கேட்பது?

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் என்ற சிறு நாட்டில் 2015-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வருங்காலத் தலைமுறையின் நலனைக் கவனிக்க ஒரு கமிஷனர். கட்சி மாறினாலும் அவர் வேலை மாறாது. சர்க்காரும் பொது அமைப்புகளும் நீண்டகால இலக்கை மறந்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல்வார். தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அவர் அறிக்கை எழுதுவார். அது எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு அப்படியே வேண்டும் என்பதில்லை. 1971-லேயே மாநிலத் திட்டக் குழு அமைத்த ராஜ்யம் இது. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்றால், ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் அந்த இலாகா மந்திரி எழுந்து நின்று, சொன்னது எத்தனை, கட்டியது எத்தனை, பாதியில் நிற்பது எத்தனை என்று மாவட்ட வாரியாகப் படிக்கட்டும். ஆட்சி மாறினால், புது மந்திரி முதல் கூட்டத்திலேயே பழைய திட்டத்தைத் தொடர்கிறேன் அல்லது கைவிடுகிறேன், காரணம் இது என்று சபையில் பதிவு செய்யட்டும். கைவிடுவது தப்பு அல்ல. சொல்லாமல் கைவிடுவதுதான் தப்பு.

பத்து ரூபாய்

அதுவரை மங்கலம்பேட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம்.

2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு முத்திரை வில்லை ஒட்டவேண்டும். "எங்கள் ஒன்றியத்தில் 2010-ல் எடுத்த குடிசைக் கணக்கு எத்தனை? அதில் இதுவரை வீடாக மாறியது எத்தனை? எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தில்?" இந்த மூன்று கேள்வி போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரி காரணம் கேட்கக்கூடாது.

மேலே "பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்" என்று விலாசம் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பலாம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு அப்பீல். அங்கேயும் பதில் இல்லையென்றால், சென்னையில் உள்ள மாநிலத் தகவல் கமிஷன்.