துரைமார் கொண்டுவந்த மீன்



பாடசாலை விடுமுறை வந்தால் பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்கள் ஹோட்டன் சமவெளிக்குப் புறப்படுவது வழக்கம். ஓஹியாவில் ரயிலை விட்டிறங்கினால் மேலே சுமார் 11 கிலோமீட்டர். எல்லோருக்கும் 'உலக முடிவை'ப் பார்ப்பதில்தான் அவசரம். வழியில் ஓடும் பெலிஹுல் ஓயாவை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அந்தத் தண்ணீருக்குள் ஒரு கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் செப்டெம்பரும் ஒக்டோபரும் இலை பழுத்து உதிரும் காலம். 'ட்ரவுட்' மீன் பிடிக்கும் பருவத்தின் கடைசி நாட்களும் அவைதான். அதன் பிறகு மீன் முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறும். தூண்டிலை எடுத்து வைத்துவிடுவார்கள். இந்தத் தூண்டிலில் புழு கிடையாது. இறகையும் நூலையும் கொண்டு ஈயைப் போலவே கட்டிய கொக்கி. அதை நீரின் மேல் மெதுவாக விழ வைப்பதுதான் சாமர்த்தியம்.

இந்த ஆசையை விட முடியாத துரைமார், 1880களில் நுவரெலியா ஓடைகளில் பழுப்பு ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சரியாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஊன்றிக்கொண்டது. 1896இல் மீன்பிடிச் சங்கமும் அமைந்தது. கொழுந்தெடுத்த பெண்களின் சட்டியில் கருவாடு. துரையின் மேசையில் ட்ரவுட்!

பதுளையில் இந்த மீன் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். சூடான நீரில் பிராணவாயு குறைவு. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரம்தான். சமவெளியோ 2,100 மீற்றருக்கு மேல். துன்ஹிந்தைத் தண்ணீர் நமக்குக் குளிர்; ட்ரவுட்டுக்குப் போதாது.

குளிர் மட்டும் இருந்தாலும் போதாது. தாய் மீன் வாலால் சரளைக் கல்லைத் தோண்டிக் குழி பறித்து, முட்டையிட்டு, மீண்டும் கல்லாலேயே மூடிவிடும். கற்களுக்கிடையே தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் குஞ்சு பிழைக்கும். சேறு படிந்தால் மூச்சு முட்டிப் போகும். ஊவாவில் ஒக்டோபர் மழை இறங்கியதும் வெலிமடைப் பக்கத்து ஓடைகளைப் பாருங்கள்: பால் தேத்தண்ணி நிறம்! மரக்கறித் தோட்டங்களின் மேல்மண் அது. அங்கே எந்த மீன் முட்டை பிழைக்கும்?

ஆனால் விருந்தாளியாக வந்த மீனும் சும்மா இருக்கவில்லை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறு இறால் இருக்கிறது. இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. நாமோ அதைக் கண்டும் காணாமல் போகிறோம். ட்ரவுட்டுக்கு அது இரை. யாரோ சிலரின் பொழுதுபோக்குக்காக வந்த மீன், நம் மலைக்கே உரிய ஓர் உயிரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. உண்பதற்கு மீன் பிடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வாயில் கொக்கி மாட்டி இழுத்து, படமெடுத்துவிட்டுத் திரும்ப விடுவதுதான் என் மனதுக்கு ஒப்பவில்லை.

1988 முதல் அந்த இடம் தேசிய பூங்கா. தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். காலையில் நேரத்தோடு போனால் நல்லது. வெயில் ஏற ஏற முகில் மூடிவிடும். பிள்ளைகளை ஓடைக்கரையில் சற்று நேரம் சத்தமில்லாமல் உட்கார வையுங்கள். மீன் துள்ளுவதை எல்லோரும் காட்டிக் கொடுப்பார்கள். இறாலைக் காட்டிக் கொடுப்பது உங்கள் வேலை. கல்லுக்கடியில், பாசி ஓரத்தில் இருக்கும்.