கூடுதல் பிளக்குக்கும் சட்டம் உண்டு

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருத்தணியை எட்டுவதற்கு முன் வரும் கனகம்மாசத்திரம் பகுதியில் கோடை கடுமையானது. வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி இடம்பெறுவதை வாசகர்கள் அறிவார்கள். மின்விசிறியோடு காலம் கழித்த வீடுகளுக்கு ஏ.சி. வந்துவிட்டது, கீசரும் தண்ணீர் மோட்டாரும் இன்வெர்ட்டரும் சேர்ந்துவிட்டன. மின்பளு பெருகியிருக்கிறது, பாதுகாப்பு பெருகவில்லை. இந்த இடைவெளியைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அறுந்து விழுந்த மின்கம்பி தலைப்புச் செய்தியாகிறது. வீட்டுக்குள் கசியும் மின்சாரம் அத்தகைய கவனத்தைப் பெறுவதில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே என்பது பலரது நம்பிக்கை. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. 230 வோல்ட்டைத் தொட்டவரின் உடலில் பாயும் மின்னோட்டம் பெரும்பாலும் அரை ஆம்பியரைக்கூட எட்டாது. இதயத் துடிப்பைக் குலைக்க அதைவிடக் குறைவான மின்னோட்டமே போதும். எம்.சி.பி.க்கோ அது ஒரு மின்விசிறியின் சுமைக்கு ஒப்பானது. ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பான், போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

சட்டம் இதை அறியாததல்ல. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வீட்டு இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் வரம்பை விதித்தன. 5 கிலோவாட்டுக்குக் குறைவான வீடுகளுக்கு விலக்கும் அளித்தன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் பின்னர் மின் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்தி, இக்கருவியைப் பொருத்துவதை நுகர்வோரின் பொறுப்பாக்கியது.

மாற்றங்களைப் பற்றியும் விதி தெளிவாகவே பேசுகிறது. பல்பு, விசிறி, ஸ்விட்ச் போன்றவற்றை மாற்றுவதற்குத் தடையில்லை. மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றும் எந்தப் பணியையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியிலிருந்தே இது நடைமுறையில் உள்ளது. ஏ.சி.க்காகத் தனி வயர் இழுப்பதும், குளியலறைக்குக் கீசர் இணைப்பு கொடுப்பதும் இவ்வகைப் பணிகளே.

சிக்கல் எங்கே? புதிய இணைப்பு வழங்கும்போது மின்வாரியம் வீட்டைப் பார்க்கிறது. அதன்பின் வீடு மாறுவதைப் பார்ப்பதில்லை. ஆபத்தோ பெரும்பாலும் பிறகுதான் நுழைகிறது. எர்த் வயரே இல்லாத பழைய வீட்டில் மூன்று துளை பிளக்கைப் பொருத்திவிட்டால், பாதுகாப்பின் தோற்றம் மட்டும்தான் மிஞ்சும். இன்வெர்ட்டர் இணைக்கும்போது நியூட்ரல் வயரைத் தவறாகச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள தடுப்பான் அடிக்கடி விழும். பிழையைத் தேடித் திருத்துவதற்குப் பதிலாகத் தடுப்பானையே விலக்கி நேரடி இணைப்பு கொடுப்பதும் நடக்கிறது.

இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின்பணிகள் கட்டட விதிகளின் கீழ் வந்தன. புதிய சர்க்யூட் அமைத்தால் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அல்லது பதிவுபெற்ற மின்பணியாளர் சான்றளிக்க வேண்டும். பழைய வயரிங் முழுவதையும் பிடுங்கி எறியச் சொல்வதில்லை. புதிதாகச் சேர்க்கும் பகுதி இன்றைய விதிக்கு உட்பட வேண்டும் என்பதே அங்குள்ள நெறி. நமக்கும் பொருந்தும் நடைமுறை அறிவு இது.

நம்மிடமும் அதற்கான வாசல் இருக்கிறது. கூடுதல் மின்பளு கோரும் விண்ணப்பத்துடன், மின்கசிவுத் தடுப்பானும் எர்த் இணைப்பும் சோதிக்கப்பட்டதற்கான வயர்மேனின் சான்றையும் மின்வாரியம் கேட்கலாம். தகுதிச் சான்று பெற்றவர்களின் பட்டியலை ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் ஒட்டலாம். ஏ.சி. விற்போர், பொருத்தும் முன் இதைச் சோதிக்கக் கடமைப்பட்டவர்களாக வேண்டும். வாடகை வீடுகளில் செலவை உரிமையாளர் ஏற்பதே நியாயம், ஏ.சி.யின் விலையோடு ஒப்பிட்டால் தடுப்பானின் விலை மிகச் சிறிது.

வீட்டில் தடுப்பான் உள்ளவர்கள் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இல்லாதவர்கள், அடுத்த பிளக்கை வைப்பதற்கு முன் அதை வாங்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க அரசுக்குப் புதிய சட்டம் தேவையில்லை.