ஆளுக்கு ஒரு டாலர்!

கனடா நாட்டின் 5 டாலர் நோட்டில் பல ஆண்டுகளாக ஒரு முன்னாள் பிரதமரின் படம் அச்சாகி வந்தது. புதிய நோட்டில் டெர்ரி பாக்ஸ் என்ற வாலிபரின் படம் இடம் பெறும் என்று அந்நாட்டு அரசாங்கம் 2024 டிசம்பரில் அறிவித்தது.

அவர் மந்திரி அல்ல, படைத்தளபதியும் அல்ல. 22 வயதில் இறந்துபோன ஒரு கல்லூரி மாணவர். அப்படி என்ன செய்தார்?

கால் போயிற்று

1977-ம் ஆண்டு. டெர்ரிக்கு 18 வயது. வலது முழங்காலில் வலி. டாக்டர்கள் சோதித்தார்கள். எலும்பில் புற்றுநோய்! முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள்.

அவர் பிழைக்க நூற்றுக்கு 50 பங்கு வாய்ப்பு உண்டு என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நோய் வந்திருந்தால் 15 பங்குதான்! இந்த மாறுதலைக் கொண்டுவந்தது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வேண்டியது பணம். இந்தக் கணக்கு அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

143 நாள் ஓட்டம்

1980 ஏப்ரல் 12-ந் தேதி, நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள செயிண்ட் ஜான்ஸ் நகரில் இருந்து, செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். மேற்குக் கடற்கரை வரை ஓடுவது, வழியெல்லாம் நிதி திரட்டுவது என்பது திட்டம். தினமும் சுமார் 42 கிலோ மீட்டர்!

முதலில் கவனித்தவர்கள் சிலரே. ஆனால், 10 ஆயிரம் பேர் வசித்த ஒரு சிற்றூர் 10 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! நாடு முழுவதும் இப்படிக் கொடுத்தால் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேருமே! பின்னர் டெர்ரி கேட்டதும் அதைத்தான்.

5,373 கிலோ மீட்டர் ஓடினார். செப்டம்பர் 1-ந் தேதி தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. ஆனால் பணம் வருவது நிற்கவில்லை. 1981 பிப்ரவரிக்குள் அவர் கேட்ட தொகை சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 28-ந் தேதி அவர் காலமானார்.

நிதி வற்றாதது ஏன்?

ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓட்டம் நடக்கிறது. இதுவரை சேர்ந்தது 85 கோடி டாலருக்கு மேல். இதற்குக் காரணம் மூன்று.

ஒன்று: ஏழையும் கொடுக்கக்கூடிய தொகையைக் கேட்டார்.

இரண்டு: கை சுத்தம். கம்பெனிகள் உதவியாகக் கொடுத்த வண்டியையும் காலணியையும் ஏற்றார். "எங்கள் சரக்கை விளம்பரம் செய்" என்றவர்களைத் திருப்பி அனுப்பினார். இன்றும் அந்த ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை, போட்டியும் இல்லை.

மூன்று: பணம் எதற்கு என்று தெளிவாகச் சொன்னார்.

பலன் உண்டா? உண்டு. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சியால், இந்த எலும்புப் புற்றுநோய் பரவுமுன் கண்டறியப்பட்டால் இன்று மூவரில் இருவர் வரை பிழைக்கிறார்கள். பலருக்குக் காலை எடுக்காமலே சிகிச்சை நடக்கிறது. டெர்ரிக்கு அது கிடைக்கவில்லை. தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைக்கட்டும் என்றே அவர் ஓடினார்.

நல்ல காரியத்துக்கு என்று உங்கள் வாசலில் யாராவது உண்டியலோடு வந்து நின்றால், இரண்டு கேள்வி கேளுங்கள். பணம் எங்கே போகிறது? இடையில் யாருக்காவது லாபம் உண்டா? பதில் நேராக இருந்தால், ஒரு ரூபாய் ஆனாலும் போடுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.