பண்டிகை லீவும் சில கடுப்புகளும்

தீபாவளி என்றதும் இனிப்பு, புதுத்துணி, டிவியில் புதுப்படம் என்று அடுக்குபவர்கள் எல்லாம் சொந்த ஊரிலேயே இருக்கும் பாக்கியசாலிகள். சென்னையில் தங்கிப் படிக்கும் தென் மாவட்டத்துக்காரனைக் கேட்டுப் பாருங்கள். தீபாவளி என்றதும் அவன் வாயில் வரும் முதல் வார்த்தை "டிக்கெட்". இரண்டாவதாக வரும் வார்த்தையை இங்கே எழுத முடியாது :-)

சரி, கடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்னையில் பி.காம். கடைசி வருஷம். ஹாஸ்டல் வாசம். பெயரெல்லாம் எதற்கு, இவனைப் போல ஒவ்வொரு கிளாஸிலும் பத்துப் பேர் இருப்பார்கள்.

கடுப்பு 1: டிக்கெட்

முன்பெல்லாம் ரயில் டிக்கெட்டை 120 நாளைக்கு முன்னாலேயே எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பையனுக்கு இதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 120-ஆவது நாள் காலை எட்டு மணிக்குக் கிடைக்காத டிக்கெட், இப்போது 60-ஆவது நாள் காலை எட்டு மணிக்குக் கிடைப்பதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்று வரிசையாகத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் எல்லாவற்றிலும் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும்.

இது முதல் வருஷப் பொருளாதாரப் பாடம்தான். ரயிலில் பெர்த் எண்ணிக்கை கூடாது, வழக்கமான ரயிலில் தீபாவளிக்கென்று ஸ்லீப்பர் கட்டணமும் ஏறாது. ஆகவே வரிசை ஏறுகிறது. ஆம்னி பஸ்ஸில் வரிசை இல்லை, ஆகவே விலை ஏறுகிறது. சாதாரண நாளில் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் "கூடுதல் கட்டணம் வசூலித்தால் நடவடிக்கை" என்று செய்தி வரும். ஒவ்வொரு தீபாவளிக்கும் கட்டணமும் ஏறும். இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் சுமுகமாக வாழ்ந்துவருகின்றன.

கடுப்பு 2: பக்கத்து சீட்டு

கடைசியில் அரசு சிறப்புப் பேருந்துதான் கதி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு கோயம்பேட்டுக்குப் போகிற வேலை இல்லை. அதற்குப் பதில் வண்டலூர் தாண்டிப் போகிற வேலை. நகரத்தின் வடக்குப் பக்கம் இருப்பவனுக்குக் கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே பாதி ஊருக்குப் போன மாதிரி.

பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, தண்ணி பாட்டில் எல்லாம் உள்ளே போய் சீட் பிடித்துவிடும். வரிசையில் நின்றவன் ஏறும்போது சீட்டில் யாரோ ஒருவருடைய துண்டு மட்டும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். ஒருவழியாக இடம் கிடைத்து உட்கார்ந்தால் பக்கத்து அண்ணாச்சி செல்போனில் வீடியோ பார்ப்பார். இயர்போன் கிடையாது. செங்கல்பட்டில் ஆரம்பித்த சத்தம் திருச்சி வரைக்கும் ஓயாது. "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்டால், "ஒரு நாள்தானே தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பதில் வரும்.

இந்த "அட்ஜஸ்ட்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடுகிறவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. தூக்கம் போனவனிடம்தான் சொல்வார்கள்.

கடுப்பு 3: கேள்விகள்

வீடு வந்து சேர்ந்து பையைக் கீழே வைத்தால் கேள்வித்தாள் தயாராக இருக்கும்.

"என்ன மருமவனே, பி.காம்.தானா? இஞ்சினியரிங் கிடைக்கலையோ?" இது மாமா. மூன்று வருஷமாக இதே கேள்வி.

"அடுத்து சி.ஏ.வா, எம்.பி.ஏ.வா? பேங்க் பரீட்சை எழுதேன்." இது பெரியப்பா.

"அரியர் ஏதும் இருக்கா?" இது சித்தப்பா. அவர் பையன் படிப்பைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதால் முந்திக்கொண்டு இவனைக் கேட்பது.

பொண்ணாக இருந்தால் தாள் இன்னும் கடினம். மார்க், வேலை எதுவும் வராது. கல்யாணம் என்ற ஒரே கேள்வி, முழு மதிப்பெண்.

இதில் உண்மையான அக்கறை உள்ளவர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கறை உள்ளவர் பதிலைக் கேட்கக் காத்திருப்பார். மற்றவர்கள் கேட்டுவிட்டு முறுக்கு எடுக்கப் போய்விடுவார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்.

கடுப்பு 4: வெடி

பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று ஆனது. ஆனால் தெருவில் முதல் வெடி காலை நாலு மணிக்கே. பிறந்து மூன்று மாதமான குழந்தை இருக்கும் வீட்டு வாசலில்தான் சரவெடியைப் பிரித்துப் போடுவார்கள். போய்க் கேட்டால்? ஆமாம், அதேதான். "வருஷத்துக்கு ஒரு நாள், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

மறுநாள் காலையில் தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். அதைக் கூட்டி அள்ளத் தூய்மைப் பணியாளர்கள் வருவார்கள். "ஏன் இன்னும் கூட்டலை?" என்று அவர்களிடம் கோபப்படுகிறவர், முதல் நாள் அதே தெருவில் பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்தவராகத்தான் இருப்பார்.

கடுப்பு 5: இந்தப் பட்டியலில் யாரும் எழுதாதது

மேலே உள்ள நாலும் லீவு கிடைத்தவர்களின் கடுப்பு. எரிச்சலானது என்றாலும் எல்லாம் லீவுக்குள் வருகிற எரிச்சல். அதே வீட்டில் லீவே கிடைக்காத ஒருவர் இருக்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பையனுக்கு "எய்யா, சாப்பிட்டியா?" என்று கதவைத் திறந்தவர்.

தீபாவளிக்கு அம்மா எழுந்தது காலை மூன்று மணிக்கு. முதல் நாள் ராத்திரியே மாவு ஆட்டி வைத்தாயிற்று. அதற்கு முந்தின நாள் முறுக்கு, முந்திரிக்கொத்து. அதற்கு முந்தின நாள் அதிரசத்துக்குப் பாகு. எண்ணெய் காய்ச்சி எல்லாருக்கும் தேய்த்துவிட்டு, வெந்நீர் போட்டு, இட்லி ஊற்றி, கறிக்குழம்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, எடுத்து, மறுபடி மதியச் சமையல், மறுபடி பாத்திரம், நாலு மணிக்குக் காபி, ஆறு மணிக்கு வடை. டிவியில் பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கும். குடும்பத்துக்குப் பெருமை சேர்ப்பது ஆணா பெண்ணா என்ற ரீதியில் ஏதோ ஒரு தலைப்பு. அதை அடுப்படி வாசலில் நின்று, கையில் கரண்டியோடு, நாலு வரி கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

அன்றைக்கு வேலை செய்கிற மற்றவர்களும் உண்டுதான். பஸ் டிரைவர், கண்டக்டர், நர்ஸ், போலீஸ். அவர்கள் கஷ்டம் சின்னது இல்லை. ஆனால் அவர்கள் செய்வதை வேலை என்று ஊர் ஒத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கு 1958-ஆம் வருஷத்துப் பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளில் ஒருவரை வேலை வாங்கினால் இரண்டு மடங்கு சம்பளம் தர வேண்டும், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு தர வேண்டும் என்பது அதில் உள்ள விதி. வீட்டில் எந்த அம்மாவுக்காவது தீபாவளி முடிந்து பதில் லீவு கிடைத்திருக்கிறதா? தீபாவளி முடிந்தால் அவருக்குக் கிடைப்பது அழுக்குத் துணி மூட்டை.

"அதான் புடவை எடுத்துக் கொடுத்தாச்சே" என்பார் அப்பா. காமர்ஸ் படித்தவன் இதற்குப் பதில் சொல்லலாம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் சம்பளத்தில் 8.33 சதவீதம். புடவைதான் போனஸ் என்றால் சம்பளம் எங்கே? பூஜ்ஜியத்தில் 8.33 சதவீதம் பூஜ்ஜியம்தான். அப்பா தாராளமாகவே நடந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும் :-)

விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தக் கணக்கு நாட்டுக் கணக்கிலும் வராது. தேசிய வருமானப் பாடத்தில் பிகூ என்ற பொருளாதார அறிஞர் சொன்ன உதாரணம் ஒன்று வரும். ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியையே கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். அதே சமையல், அதே துணி, அதே பாத்திரம். சம்பளம் நின்றுபோனதால் கணக்கிலிருந்து வேலையும் மறைந்துவிடுகிறது. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு இதை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து "அம்மா, காபி" என்று சோபாவில் இருந்தபடியே குரல் கொடுப்பதில் பி.காம். மாணவர்கள் கெட்டிக்காரர்கள்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று உண்டு. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்பது. 2019-இல் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் பெண்களுக்கு 289 நிமிடமாகக் குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களோ என்று பார்த்தால், அவர்களும் 88 நிமிடத்துக்கு இறங்கிவிட்டார்கள். அதுவும் வீட்டு வேலை செய்கிறேன் என்று கணக்கில் வந்த ஆண்களின் சராசரி இது. 2019 ஆய்வில் அப்படி வந்தவர்களே ஏறக்குறைய நாலில் ஒருவர்தான்.

இந்த வேலைக்கு யாரும் விலையே போட்டதில்லை என்றும் சொல்ல முடியாது. 2001-இல் லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு குடும்பத் தலைவியின் வேலைக்கு மாதம் 3000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. எப்போது என்றால், தீ விபத்தில் இறந்துபோனவர்களுக்கு நஷ்ட ஈடு கணக்குப் போடும்போது. அந்தப் பெண்கள் உயிரோடு இருந்தவரை அந்த 3000 எந்தக் கணக்கிலும் இல்லை. இதைவிடக் கசப்பான வரவு செலவுக் கணக்கு இருக்க முடியுமா?

"அம்மா விரும்பித்தானே செய்கிறாங்க, அவங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று ஒரு வாதம் உடனே வரும். விரும்பித்தான் செய்கிறார்கள், பொய்யில்லை. அதிரசம் பதமாக வந்தால் அந்த முகத்தில் வரும் சந்தோஷம் நிஜம். ஆனால் வேலையை விரும்புகிற வங்கி மேனேஜரும் ஞாயிற்றுக்கிழமை பேங்கைத் திறப்பதில்லை. விரும்பிச் செய்கிறார் என்பது அவர் களைப்பே அடையமாட்டார் என்பதற்குச் சான்று ஆகாது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கப் போகிறவரைக் கேட்டால் தெரியும்.

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. இனிப்பில் பாதியைக் கடையில் வாங்கலாம். நாலு வகைக்குப் பதில் இரண்டு வகை போதும். காலை இட்லிக்குச் சட்னி அரைக்க காமர்ஸ் பட்டம் கூட வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுப்படிக்கு ஷட்டர் போட்டுவிடலாம். சாயங்காலம் வருகிற சொந்தக்காரருக்கு அப்பா காபி போட்டால் அந்தக் காபி கசந்துவிடாது. பாத்திரம் முழுக்கப் பையனுக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி. தங்கச்சிக்கு மட்டும் என்றால் கணக்கு அடுத்த தலைமுறைக்குக் கடனாகப் போகும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததுதான். பையன் துடைப்பத்தையோ பாத்திரத்தையோ தொட்டதும் அத்தை, "ஆம்பளப் பிள்ளைய இதெல்லாம் செய்யவிட்டுக்கிட்டு, நல்லாவா இருக்கு?" என்பார். அம்மாவே, "நீ போய்யா, நீ கழுவுனா நான் மறுபடி கழுவணும்" என்பார். முதல் தடவை உண்மையாகவே மறுபடி கழுவவும் செய்வார். இரண்டாவது தீபாவளிக்கு அவ்வளவு இருக்காது.

வீட்டில் யாராவது முணுமுணுத்தால் சொல்வதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பஸ்ஸிலும் தெருவிலும் எல்லாரும் இலவசமாகச் சொல்லிக் கொடுத்த பதில்தான். "வருஷத்துக்கு ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."