ஃபார்மட் போட்டால் தீராத வியாதி

கணினி மக்கர் செய்தால் தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே வைத்தியம்தான். "ஃபார்மட் போட்டுடலாம்ணா, எல்லாம் சரியாயிடும்." அஞ்செட்டியும் இதற்கு விலக்கல்ல. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் வைத்தியரைப் போல, எந்தக் கோளாறுக்கும் வட்டைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவிக் கொடுத்துவிடுகிறார்கள். சில சமயம் சரியாகிறது. ஆனால் ஏன் சரியாயிற்று என்று யாருக்கும் தெரியாது. பல சமயம் இரண்டே நாளில் அதே பிழைச் செய்தி திரும்ப வந்து நிற்கிறது. ஏனென்றால் கோளாறு அந்த வட்டில் இருப்பதே இல்லை!

எந்த மென்பொருளும் தனியாக வாழ்வதில்லை. ஒரு கணக்கு நிரலுக்கு ஜாவா வேண்டும். இன்னொன்றுக்கு டாட்நெட் வேண்டும். மூன்றாவதுக்குத் தரவுத்தளத்தோடு பேச ஒரு இணைப்பான் வேண்டும். இவைதான் சார்புகள். சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் ரேஷன் கார்டு கேட்பார்கள், அதில் பெயர் சேர்க்கப் போனால் ஆதார் கேட்பார்கள், ஆதாரில் பிழை இருந்தால் அதற்கு வேறு ஒரு ஆவணம். அது போன்ற சங்கிலிதான் இதுவும். இதில் இன்னொரு தொல்லை, இரண்டு நிரல்கள் ஒரே பொருளின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்பது. ஒன்றுக்கு ஜாவா 6 வேண்டும், பக்கத்தில் இருப்பதற்கு ஜாவா 7 வேண்டும். 90களில் விண்டோஸில் இந்தச் சண்டை முற்றிப்போய் அதற்கு 'டிஎல்எல் ஹெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் மென்பொருள் மெய்நிகராக்கம். சாஃப்ட்ரிசிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் சாஃப்ட்கிரிட் என்ற பெயரில் இதைச் செய்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கி, பிறகு ஆப்-வி என்று பெயர் மாற்றியது. தின்ஸ்டால் என்ற இதே மாதிரியான இன்னொரு மென்பொருளை 2008-இல் விஎம்வேர் வாங்கியது. யோசனை எளிமையானது. நிரலை விண்டோஸில் நிறுவவே வேண்டாம். அதன் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு பேக்கேஜில் கட்டி, தனிக் குமிழிக்குள் ஓடவிடலாம். ஒரு குமிழிக்குள் ஜாவா 6, இன்னொரு குமிழிக்குள் ஜாவா 7. ஒன்றையொன்று பார்க்காது, சண்டையும் போடாது. ஆயிரக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கும் பெரிய அலுவலகங்களுக்கு இது வரப்பிரசாதம்தான்.

ஆனால் குமிழி, சார்புகளை ஒழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். மெய்நிகராக்கத்தை விற்றவர்கள் இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் மெதுவான குரலில்தான் சொன்னார்கள்.

பேக்கேஜ் எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இது புரியும். சீக்குவென்சர் என்ற கருவியை ஒரு கணினியில் ஓடவிட்டு, அதன் கண்காணிப்பில் நிரலை நிறுவுகிறார்கள். நிறுவும்போது என்னென்ன புதிதாக வந்தன என்று கருவி குறித்துக்கொள்கிறது. புதிதாக வந்ததை மட்டும்! அந்தக் கணினியில் ஜாவா ஏற்கெனவே இருந்திருந்தால், நிறுவும் நிரல் "ஜாவாதான் இருக்கிறதே" என்று பேசாமல் தாண்டிப் போய்விடும். கருவிக்கும் அது தெரியாது. பேக்கேஜில் ஜாவா ஏறாது. தயாரித்தவர் தன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார், அழகாக ஓடும். ஜாவா இல்லாத கணினிக்குப் போனதும் படுத்துவிடும். அதனால்தான் சுத்தமான கணினியில், ஒவ்வொரு முறையும் பழைய சுத்தமான நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் பேக்கேஜ் கட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். அவசரத்தில் முதலில் காற்றில் பறப்பதும் இந்த விதிதான்.

அடுத்தது குமிழிக்கும் குமிழிக்கும் இடையிலான உறவு. பத்து நிரல்களுக்கு ஜாவா தேவை என்றால் பத்துப் பேக்கேஜிலும் ஜாவாவைத் திணிப்பது வீண்தானே? அதனால் 2008-இல் வந்த ஆப்-வி 4.5-இல், ஒரு பேக்கேஜ் இன்னொன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும் வசதி வந்தது. 'கட்டாயம்' என்று குறித்துவிட்டால், துணை வராமல் முதன்மை நிரல் திறக்கவே திறக்காது. குறிக்காவிட்டால் திறக்கும், ஆனால் பாதியில் எங்காவது சொதப்பும். முதல் வகைதான் நல்லது. வாசலிலேயே நின்றுவிடுகிற பிழையை எளிதில் பிடித்துவிடலாம். மாதக் கடைசியில் ஒரே ஒரு அறிக்கையை அச்சடிக்கும்போது மட்டும் தலைகாட்டுகிற பிழையை எங்கே போய்த் தேடுவது? இன்னொன்று, அந்த உறவு ஒரு படி மட்டும்தான். துணைக்கு ஒரு துணை வேண்டுமென்றால் அதை முதன்மைப் பேக்கேஜிலேயே எழுத வேண்டும். இதை அறியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

2012-இல் வந்த ஆப்-வி 5.0-இல் இது 'கனெக்ஷன் குரூப்' ஆயிற்று. சில பேக்கேஜ்களை ஒரு குழுவாகச் சேர்த்தால் எல்லாம் ஒரே குமிழிக்குள் ஓடும். ஒரே கோப்பு இரண்டு பேக்கேஜில் இருந்தால், வரிசையில் யார் முன்னால் என்பதைப் பொறுத்து ஒன்று ஜெயிக்கும். இங்கேயும் கண்ணி உண்டு. முதலில் வந்த பதிப்பில் குழு என்பது பேக்கேஜின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, குறிப்பிட்ட பதிப்பையே கேட்கும். ஜாவா பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டுக் குழுவை மறந்தால், குழு பழையதையே தேடிக்கொண்டு நிற்கும். 2014-இல் வந்த 5.0 எஸ்பி3-இல்தான் 'எந்தப் பதிப்பானாலும் சரி', 'இருந்தால் சேர்த்துக்கொள்' என்ற இரண்டு தளர்வுகளும் கிடைத்தன.

கோளாறைத் தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதல் கேள்வி, அதே நிரலை அதே கணினியில் சாதாரணமாக நிறுவினால் ஓடுகிறதா? ஓடாவிட்டால் குமிழியைத் திட்டிப் பயனில்லை. ஓடினால், குமிழிக்குள்ளேயே ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, நிரலின் கண்ணுக்கு எந்தக் கோப்புகள் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் தெரிவதும் உள்ளே இருந்து பார்த்தால் தெரிவதும் வேறு வேறு. பிறகு பிராசஸ் மானிட்டர். அதில் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், பயந்துவிடக் கூடாது. ஒரு கோப்பைப் பல இடங்களில் வரிசையாகத் தேடுவது விண்டோஸின் வழக்கம், அவற்றில் பெரும்பாலானவை பாதகமில்லாதவை. எந்த இடத்திலும் கிடைக்காமல் போன கோப்பு எது, அதற்குப் பிறகு நிரல் எப்போது செத்தது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். பொறுமையாக உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். ஃபார்மட் போடுபவருக்கு இல்லாதது அந்தப் பொறுமைதான்.

எதைக் குமிழிக்குள் போட முடியாது என்று தெரிந்திருப்பதும் முக்கியம். சாதனங்களுக்கான டிரைவர்கள் ஆப்-வி பேக்கேஜில் ஏறாது. டெண்டர் போடுகிற ஒப்பந்தக்காரர்கள் டிஜிட்டல் கையெழுத்துக்குச் செருகுகிறார்களே யுஎஸ்பி டோக்கன், அதன் டிரைவரை நேரடியாக விண்டோஸில்தான் நிறுவ வேண்டும். நிரலைப் பேக்கேஜில் அனுப்பிவிட்டு டிரைவரை மறந்தால் 'டோக்கன் இல்லை' என்றுதான் வரும். டோக்கன் கண்ணெதிரே மின்னிக்கொண்டிருக்கும்!

தமிழர்களுக்குச் சார்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரிந்ததைப் பார்க்காதவர் யார்? 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்த பிறகும் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவைக் கேட்டபடிதான் இருக்கின்றன. கோப்பை அனுப்புகிறவர் எழுத்துருவின் பெயரை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது.

அந்த ஒரு வரியைத்தான் பேக்கேஜ் கட்டுபவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. லினக்ஸில் இது எப்போதோ பழக்கமாகிவிட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அது டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது. டெபியனில் ஒவ்வொரு பொதியும் தனக்கு என்னென்ன வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று தன் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கும். இல்லாவிட்டால், "இது இல்லை, அதனால் நிறுவ மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லும். அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து பல மாணவர்கள் விண்டோஸ் பக்கம் போனார்கள். ஆனால் நேர்மையாகப் பேசியது அந்தக் கறுப்புத் திரைதான்.

அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கும், அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஹெல்ப்டெஸ்க் வேலைக்குப் போகிறார்கள். பேக்கேஜ் கட்டியவர் வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில் இருப்பார். நிரல் திறக்காதபோது திட்டு வாங்குவது போனை எடுக்கும் பிள்ளைதான். தன்னிடம் இல்லாத பட்டியலுக்காக, தான் கட்டாத மூட்டைக்காக! அழைப்பை இத்தனை நிமிடத்தில் முடி என்ற நெருக்கடி வேறு. அந்த நெருக்கடியில் "மறுபடி நிறுவுங்கள் சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. எந்தப் பேக்கேஜ், எந்தத் துணை, எந்தப் பதிப்பு, எது குமிழிக்கு வெளியே என்று நான்கு வரிகள் கொண்ட ஒரு தாள் பேக்கேஜோடு வந்திருந்தால், அந்தப் பிள்ளையே பத்து நிமிடத்தில் கோளாறைச் சொல்லிவிடும். தாள் இல்லாத பேக்கேஜை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று நிறுவனங்கள் சொல்ல என்ன தடை? பணம் செலவாகிற காரியமும் இல்லை, கட்டுபவருக்குக் கால் மணி நேர வேலை.