துணைப்பாடத்திற்கு ஏன் இத்தனை துவாரபாலகர்கள்?

சர்வகலாசாலையில் படிக்கும் ஒரு மாணவன் தனக்குரிய முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையிலும் சில பாடங்களைக் கற்றுத் தேறினால், அதனையும் அவனுடைய பட்டத்தோடு சேர்த்துக் குறித்துக் கொடுப்பது இக்கால வழக்கம். இதனைத் துணைப்பாடம் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'மைனர்' என்று பெயர். மைனர் என்றதும் ஜமீன்தார் வீட்டுச் செல்வப்பிள்ளை நேயர்களின் நினைவுக்கு வந்தால் அது அவர்கள் குற்றமன்று. கணினியியல் துணைப்பாடத்தைப் பொறுத்தவரை அந்தப் பொருளும் இன்று ஒருவாறு பொருந்தத்தான் செய்கிறது. வசதியுள்ள வீட்டிற் பிறந்து, வசதியுள்ள பள்ளியிற் படித்தவர்க்கே அது உரிமைச் சொத்தாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

இவ்வச்சம் நமக்கு ஏற்பட்ட காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம். நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், ஒரு சர்வகலாசாலையில் தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்டு படித்து வருகிறாள். பங்சாரில் மூவரோடு ஓர் அறையைப் பங்கிட்டுக் கொண்டு வாழ்கிறாள். பழைய மலாயாத் தமிழ் ஏடுகளின் மங்கிய பக்கங்களைக் கணினி தானே படித்தறியுமாறு செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகக் கணினியியலைத் துணைப்பாடமாகக் கேட்டாள். "எஸ்.பி.எம். பரீட்சையில் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் எங்கே?" என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அவள் படித்த இடைநிலைப் பள்ளியில் கூடுதல் கணிதத்திற்கு வகுப்பே நடக்கவில்லை. நடக்காத வகுப்பில் அவள் எவ்வாறு தேறியிருக்க முடியும்? இக்கேள்விக்கு அங்கே விடை கூறுவார் ஒருவருமில்லை.

நிபந்தனையே கூடாது என்று நாம் வாதிக்க வரவில்லை. நிபந்தனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் கட்சி. அவற்றுள் ஒரு வகை, பாடத்தின் இயல்பிலிருந்து பிறப்பது. நிரல் எழுதக் கற்காதவன் தரவுக் கட்டமைப்பைக் கற்க முடியாது. அதனைக் கல்லாதவனுக்குப் படிமுறைகளின் ஆராய்ச்சி விளங்காது. அரிச்சுவடிக்குப் பின்னர்தான் ஆத்திசூடி. இதனை மறுப்பவன் கல்வியையே மறுப்பவன்.

இன்னொரு வகை, உழைப்பின் அளவைக் குறிப்பது. இந்தியாவில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் மாணவன் தன் பட்டத்திற்குரிய பாடங்களுக்கு மேல் 18 முதல் 20 மதிப்பலகுகள் வரை மற்றொரு துறையில் ஈட்டினால் துணைப்பாடச் சிறப்பு வழங்கலாம் என்று வகுத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் தன் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் அதற்கு 18 மதிப்பலகுகளை விதித்தது. இதுவும் நியாயமே. கூலிக்கு ஏற்ற வேலை, வேலைக்கு ஏற்ற கூலி.

மூன்றாவது வகைதான் நம் கண்டனத்திற்குரியது. 17 வயதில் எந்தப் பள்ளியில் இருந்தாய், அந்தப் பள்ளியில் எந்த உபாத்தியாயர் இருந்தார், அந்த ஆண்டில் எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் பெற்றாய் என்று கேட்டு, அதைக் கொண்டே 20 வயதிலும் ஒருவனை வாயிலில் நிறுத்துவது இவ்வகை. இது மாணவனுடைய யோக்கியதையை அளப்பதில்லை. அவன் பிறந்த இடத்தை அளக்கிறது. பிறந்த இடத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் முறை எது என்பதை இவ்வேட்டைப் படிப்போர்க்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

"இது தர நிர்ணயம், நாட்டின் விதி" என்பார் சிலர். விதியையே பார்ப்போம். நம் நாட்டில் கணினியியல் முழுப் பட்டத்திற்கு வகுக்கப்பட்ட தரவிதி, கூடுதல் கணிதத்தில் கிரெடிட் கேட்பது மெய்தான். ஆனால் அவ்விதியே, அது இல்லாதவர் சாதாரணக் கணிதத்திலும் ஓர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடத்திலும் கிரெடிட் பெற்றிருந்தால், வலுவூட்டும் கணிதப் பாடமொன்றைப் படித்துக்கொண்டு சேரலாம் என்ற மாற்று வழியையும் வைத்திருக்கிறது. முழுப் பட்டத்திற்கே ஒரு பக்கக் கதவு இருக்க, ஐந்தாறு பாடங்களே கொண்ட துணைப்பாடத்திற்குச் சுவர் எழுப்புவானேன்? அரண்மனைக்கு இரண்டு வாசல், திண்ணைக்கு ஒரு வாசலும் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க. "கணக்கு வராதவனுக்குக் கணினி வராது" என்னும் வாதத்திற்கு வருவோம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கணினியியலின் ஆழத்திற்குச் செல்பவனுக்குத் தருக்கமும், கணங்களும், எண்ணும் முறைகளும், நிகழ்தகவும் கட்டாயம் வேண்டும். ஆனால் பள்ளிக் கூடுதல் கணிதத்தில் இடம்பெறும் நுண்கணிதம், முதல் நிரலை எழுதப் புகுபவனுக்கு எதற்காக? அவனுக்கு முதலில் வேண்டியது விதியை அறிந்து, விதிக்கு விலக்கை அறிந்து, எந்த விதியை எதற்கு முன் செலுத்துவது என்று தெரிந்து நடக்கும் பயிற்சி. இப்பயிற்சி தமிழ் இலக்கணம் கற்றவனுக்கு இல்லை என்று யார் சொன்னது?

மரம் என்பதோடு கிளை சேர்ந்தால் மரக்கிளை. அதே மரத்தோடு வேர் சேர்ந்தால் மரவேர். ஈற்று மகரம் இரண்டிலும் கெடுகிறது. வருமொழி வல்லினமானால் மாத்திரம் அவ்வல்லினம் மிகுகிறது. நிபந்தனை இன்னது, நிறைவேறினால் இன்னது செய், இல்லையேல் இன்னது செய் என்பதுதானே இது! வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்ற மூன்று விதிகள், ஈற்றடி முச்சீர், இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்று. ஒரு சீரில் நின்றுகொண்டு அடுத்த சீர் எதுவாகலாம் என்று சோதித்துச் சோதித்துச் செல்லும் இவ்வேலையைத்தான் கணினி அறிஞர்கள் வேறு பெயரிட்டுத் தங்கள் வகுப்பில் கற்பிக்கிறார்கள். அலகிட்டு வாய்பாடு கூறத் தெரிந்த மாணவியை நோக்கி, "உனக்கு முறைப்படி சிந்திக்க வராது" என்று சொல்வது அறியாமை. அதனை விதியாக எழுதி வைப்பது அநீதி.

உலகம் இதனை அறியாமல் இல்லை. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் இருந்தனர். கணினி என்பது விஞ்ஞானிகளின் அறையில் பூட்டிக் கிடந்த காலத்தில், இலக்கியமும் சரித்திரமும் படிக்கும் மாணவர்களும் அதனைத் தொட வேண்டும் என்று எண்ணி, 1964ஆம் ஆண்டில் 'பேசிக்' என்னும் எளிய நிரல்மொழியை ஆக்கினர். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்திற் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் செய்தனர். மாணவனைச் சலித்தெடுக்க அவர்கள் சல்லடை தேடவில்லை. பாடத்தை மாணவனிடம் கொண்டுவந்தார்கள். கணிதப் பேராசிரியர்களுக்கே இல்லாத கணித ஆசாரம் நம்மவர்க்கு எங்கிருந்து வந்தது? இன்று இல்லினாய் சர்வகலாசாலை மொழியியலையும் மானிடவியலையும் கணினியியலோடு இணைத்துப் பட்டமே வழங்குகிறது.

வாயிலில் நிறுத்தும் வழக்கத்திற்கு வேறொரு சரித்திரமும் உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் 1919 வரையிலும், ஆக்ஸ்போர்டு 1920 வரையிலும், எத்துறையிற் படிக்க வந்தவனையும் கிரேக்க மொழி தெரியுமா என்று கேட்டன. ரசாயனம் படிப்பவனுக்கும் கிரேக்கம்! அதைக் கற்பிக்க வல்லவை பணக்காரர் பள்ளிகளே. ஆகவே கிரேக்கம் கேட்டது, பணக்காரன் பிள்ளையா என்று கேட்டதற்குச் சமமாயிற்று. கட்டாயக் கிரேக்கத்தை எடுத்தால் தரம் வீழும், சர்வகலாசாலை சாகும் என்று ஓலமிட்டவர் அன்றும் உண்டு. கிரேக்கம் போயிற்று, ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் போகவில்லை. கூடுதல் கணிதம் கிரேக்கத்தைப் போலப் பயனற்றது என்று சொல்லோம். அது பயனுள்ளதாயின் உள்ளே அழைத்துக் கற்பியுங்கள் என்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நாம் தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து அன்றாடம் காணும் ஒன்றைச் சொல்கிறோம். நம்மவர் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் 'ஏ/எல்' என்றோ 'ஏ/பி' என்றோ ஒரு சாய்வுக்கோடு வரும். இந்நாட்டில் பிறந்து வளர்ந்த இந்த ஒரு கோட்டைக் கண்டால் பல கணினிப் படிவங்கள் மிரளுகின்றன. ஒன்று ஏற்க மறுக்கும். ஒன்று கோட்டை விழுங்கிவிடும். மற்றொன்று பெயரைப் பாதியில் வெட்டும். பிறகு அடையாள அட்டைக்கும் பாங்குக் கணக்கிற்கும் பெயர் பொருந்தவில்லை என்று ஏழைத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பான். யந்திரத்திற்குச் சாதித் துவேஷமும் இனத் துவேஷமும் கிடையாது. அதற்கு விதி எழுதியவனுக்கு நம் பெயர் எப்படியிருக்கும் என்று தெரியாது, அவ்வளவே. விதி எழுதும் மேசையில் நம்மவர் உட்காரும் வரையில் இந்த வரிசை குறையாது.

மொழிக்கும் இதுவே கதி. 1935இல் பெரியார் தம் 'குடி அரசி'ல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது, அச்சுக்கோப்பவன் பெட்டியையும் தட்டச்சு யந்திரத்தையும் மனத்திற்கொண்டே பேசினார். தமிழ்நாட்டு அரசாங்கம் அதில் ஒரு பகுதியை ஏற்க 1978 வரை ஆயிற்று. கணினியுகத்தில் அவ்வாறு நாற்பதாண்டு காத்திருக்க முடியுமா? 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் இந்திய மொழிகளுக்கென வகுத்த பொது அச்சில் தமிழையும் வார்த்துவிட்டார்கள் என்ற குறை இன்றளவும் பேசப்படுகிறது. குறை பேசுவோர் ஆயிரம். தீர்க்கும் தொழில் தெரிந்தோர் சிலர்.

அந்தச் சிலரிலும் இருவர் நம் பக்கத்தவர் என்பதை மறக்கலாகாது. சிங்கப்பூரில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தமிழிலிருந்து கணினிக்குச் சென்று, இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவராகி, 1999இல் மறைந்தார். மலேசியரான முத்து நெடுமாறன் பொறியியலிலிருந்து தமிழுக்கு வந்து, 1980களின் நடுவில் முரசு மென்பொருளை ஆக்கினார். 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடிற்று. முந்தியவர் தமிழாசிரியர் என்பதை நம் துவாரபாலகர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அவருக்கும் வாயிலில் கூடுதல் கணிதச் சான்றிதழ் கேட்டிருந்தால் நட்டம் அவருக்கா, தமிழுக்கா?

பிறரை மாத்திரம் குறை கூறி முடிப்பது நம் வழக்கமன்று. கூடுதல் கணித வகுப்பு நடவாத பள்ளிக்கு வாரம் இருமுறை ஓர் உபாத்தியாயரை அனுப்பும் செலவு, ஒரு கோயில் திருவிழாவின் வாண வேடிக்கைச் செலவுக்கு எத்தனையில் ஒரு பங்கு? இரதத்திற்கு வெள்ளித் தகடு வேய நன்கொடைப் புத்தகத்தோடு நம் அலுவலகத்திற்கு வருவோர் உண்டு. கணித வகுப்பிற்காக வந்தவரை நாம் இதுவரை கண்டதில்லை. பரீட்சைக்கு முன் பேனாவைப் பூசையில் வைக்கும் பெற்றோர், அப்பேனாவால் எழுதவேண்டிய கணக்கைக் கற்பிக்க ஆளுண்டா என்று பள்ளியில் விசாரிப்பதில்லை. நமக்கு ஆங்கில வழிப் படிப்பு வாய்த்தது. அதனால் பல கதவுகள் தட்டாமலே திறந்தன. அது நம் திறமையன்று, தற்செயல். தற்செயலைத் தகுதி என்று நம்பும் மயக்கம் நம்மைப் போன்ற படித்தவர்களிடமே அதிகம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, துணைப்பாடத்திற்குரிய முன் நிபந்தனை சர்வகலாசாலையிலேயே கற்பிக்கப்படும் பாடமாக இருக்கட்டும். பள்ளிச் சான்றிதழாக இருக்க வேண்டாம். இரண்டாவது, கணிதம் குறைந்தவர்க்கு ஒரு பருவ வலுவூட்டும் பாடம் வைத்து, அதில் தேறியவரை மறுபேச்சின்றிச் சேர்த்துக்கொள்ளட்டும். தேறாதவர் நிற்கட்டும்; அதில் நமக்கு வழக்கில்லை. மூன்றாவது, இடம் குறைவு என்றால் யாருக்கு இடம் என்பதைப் பழைய மதிப்பெண்ணால் தீர்மானியாமல், முதல் நிரல் வகுப்பில் மாணவர் காட்டும் உழைப்பால் தீர்மானிக்கட்டும். நான்காவது, கணினி மாணவர்க்குத் தமிழும் துணைப்பாடமாகக் கிடைக்கட்டும். பாலத்திற்கு இரண்டு கரை வேண்டும்.

பங்சார் என்ற பெயரே பூஞ்சே, கிரிசார் என்ற இரு பெல்ஜியத் துரைமார்களின் பெயர்களை ஒட்டி, அவர்களுடைய இரப்பர்த் தோட்டத்தால் வந்தது என்பர். அந்தத் தோட்டத்தில் நம்மவர் மரம் சீவினர். இன்று அங்கே மரமில்லை. மாடி வீடுகளும் காப்பிக் கடைகளும் நிற்கின்றன. பங்சாரில் இரயில் ஏறினால் மூன்றாவது நிலையத்திற்குச் சர்வகலாசாலை என்றே பெயர். அதற்கப்பால் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து அந்த நிலையம் வரை வர நம் மக்களுக்கு மூன்று தலைமுறை பிடித்தது. எந்தச் சர்வகலாசாலையாயினும், அதன் வாயில்வரை வந்துவிட்ட பெண்ணை, அவள் பள்ளியில் நடக்காத வகுப்பைக் காட்டித் திருப்பி அனுப்புவது தகுமா? அவள் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறாள். அந்த விண்ணப்பத்தை நாமே தட்டெழுதிக் கொடுக்கப் போகிறோம். பெயரில் உள்ள சாய்வுக்கோட்டை விடாமல்.